உள்ளங்கை அகலம்

மாசி மழை. யாரும் கேட்காமல் வந்தது.
திருவாரூர் ஆபீசில் ஜெனரேட்டர் புகை, ஒரு ஃபிளாஸ்க், நான்.
ஆயிரத்து நூற்று நாற்பத்திரண்டு பேருக்கு
நெல்லுப் பணம் போகாமல் முரண்டு பிடிக்கும் சர்வர்.

கும்பகோணத்திலிருந்து மெஹர்நிஷா
என் டெர்மினலுக்குள் வந்தாள்.
கதவெல்லாம் தட்டவில்லை;
நான் அடித்துக்கொண்டிருந்த வரியில்
நான் அடிக்காத எழுத்தொன்று முளைத்தது, அவ்வளவுதான்.

இரண்டு வருஷமாக இப்படித்தான் பழக்கம்.
முகம் தெரியாது.
அடித்ததை அழித்து அடிப்பாள்.
கமாண்ட் முடிந்தபின்னும் உடனே என்டர் தட்டமாட்டாள்;
கர்சர் ஒரு மூச்சு நேரம் துடிக்கும்.
அந்த மூச்சை வைத்துத்தான் அவளென்று கண்டுகொள்வேன்.

ஒரே கர்சர், இரண்டு பேர் விரல்கள்.
சேர்ந்து அடித்தால்
யாருக்கும் சொந்தமில்லாத சொல் வந்து விழும்.
பேச்சுக்கு ஹேஷ் போட்டுக்கொள்வோம்.
அதற்குப் பின்னால் எழுதுவதை மெஷின் படிக்காது.

# சாப்டாச்சா
# ரவா உப்புமா. அதைக் கேக்காதே

பன்னிரண்டரைக்கு, காலி டேபிள் என்று நினைத்து
அழிக்கச் சொல்லி ஒரு வரி அடித்தேன்.
என்டருக்கு விரல் போகுமுன்
வரி பின்னோக்கிக் கரைந்தது, எழுத்தெழுத்தாக.

# காலி இல்லை. அது வலங்கைமான்

வியர்த்தது. டீயைக் குடித்தேன். ஆறியிருந்தது.

ஒன்று பத்துக்குத் திரை சுருங்கியது.
எழுத்தெல்லாம் இடது மூலைக்கு ஓடி ஒண்ட,
மிச்ச இடம் பூராவும் புள்ளி புள்ளியாய்
அறுத்த வயலில் நிற்கிற தாள்கட்டை.

கூடிப் பார்க்கிறபோது
எவர் திரை சிறிதோ
அந்த அளவுதான் எல்லோருக்கும்.

# ஜன்னலைச் சின்னதாக்கினியா
# நான் இல்லை. நீ?

யார் யாரென்று கேட்டோம். மூன்று பேர் என்றது.
மூன்றாவது, நீடாமங்கலம் கொள்முதல் நிலையத்துப்
பட்டியல் எழுத்தர் உத்திராபதி.
பார்க்க மட்டும் அனுமதி. ஒரு புள்ளி வைக்க முடியாது.
வந்திருந்தது கைபேசியில்.

பகலில் ஏழு தடவை போன் செய்தவர்.
"ஆளுங்க நிக்கிறாங்க சார்" என்பதற்கு மேல்
ஒரு வார்த்தை பேசாதவர்.
இப்போது தார்ப்பாய்க்கடியில்
அந்தக் கைபேசியைச் சுற்றி எத்தனை தலையோ.
ஹேஷுக்குப் பின்னால் நாங்கள் எழுதியதெல்லாம்,
அந்த உப்புமா உட்பட, படித்திருப்பார்களோ.

# துண்டிச்சிடவா

நியாயம்தான். நீள வரிகள் மடங்கி மடங்கி விழுந்தன,
ஒரு கணக்கு எண்ணைப் படிக்க மூன்று வரி தேட வேண்டும்.
கர்சர் துடித்தது. ஒரு மூச்சு. இரண்டு.
பிறகு இருவரும் ஒரே நேரத்தில் அடித்துவிட்டோம்:

# இஇருருக்கக்கட்டட்டும்ம்

உள்ளங்கை அகலத்தில் வேலை நடந்தது.
கமாண்டைத் துண்டு துண்டாய் நறுக்கினாள் மெஹர்.
இணைந்துபோன ஒரு வங்கிக் கிளையின் பழைய குறியீடு,
அதுதான் தொண்டையில் சிக்கிய முள்.
மூன்று இருபதுக்குப் பெயர்கள் நகர ஆரம்பித்தன:
சன்னரகம் அறுபத்தெட்டு மூட்டை, பொதுரகம் முப்பத்தொன்று,
பூவனூர், ராயபுரம், ஒளிமதி...

அறுநூற்றுப் பதினொன்றாவது வரியில்
நீடாமங்கலம் தீர்ந்தது.
ஒரு நிமிஷம் போயிருக்கும்.
திரை பொசுக்கென்று விரிந்தது, புள்ளிகள் இல்லை.
சார்ஜ் தீர்ந்ததோ, கவலை தீர்ந்ததோ,
சொல்ல அவருக்கு அனுமதி இல்லை.

இன்னும் ஐநூற்று முப்பத்தொரு பேர் பாக்கி.
அத்தனை அகலம் கிடந்தும்
மெஹர் குட்டை வரிகளாகவே
அடித்துக்கொண்டிருந்தாள்.