குழியிலிருந்து

நான் சுட்டதில்லை.
இருபத்திரண்டு கோடைகளாக இலக்குகளுக்குக் கீழே
இந்தச் சிமெண்ட் குழியில் நிற்கிறேன்,
கிளாருஸ் மலையடியில், வியாழன் மாலைகளில்.
ஒரு டப்பா மாவுப் பசை,
கறுப்பும் வெள்ளையுமாய் ஒட்டுத்துண்டுகள்,
நீண்ட கம்பின் நுனியில் வட்டத் தகடு.

முந்நூறு மீட்டருக்கு அப்பால் படுத்திருப்பார்கள்.
எனக்கு முகங்கள் கிடையாது.
தலைக்கு மேல் ஒரு சொடுக்கு,
காகிதத்தில் ஓட்டை,
அப்புறம்தான் துப்பாக்கிச் சத்தம்
சாவகாசமாகப் புல்வெளி தாண்டி வரும்.
ஏன் அங்கே பட்டது என்கிற பேச்சு
இன்னும் தாமதமாக, பியர்க் கடைக்கு வரும்.

இலக்கை இறக்குவேன், ஒட்டுவேன், ஏற்றுவேன்.
பட்ட இடத்தைத் தகட்டால் தொட்டுக் காட்டுவேன்.
படவே இல்லையென்றால் இடமும் வலமும் ஆட்டுவேன்.
அதை மட்டும் ரசித்துச் செய்வதாக
ஊரில் ஒரு புகார் உண்டு. உண்மைதான்.

ஊருக்கு அந்த இருவர்தான் பேச்சு.
யோஸ்ட், பாலாடைக்கட்டிக் கிடங்குக்காரன்,
பத்தொன்பது வயதில் இரவல் துப்பாக்கியோடு படுத்தவன்;
முதல் ஆறு தோட்டாவும் பத்து.
எழுந்து, "இவ்வளவுதானா?" என்றானாம்.

ரெகூலா, தபால் நிலையத்தில் முத்திரை குத்துபவள்,
முதல் வருடம் பக்கத்து ஆளின் இலக்கைச் சுட்டவள்.
இரவில் சமையலறைத் தரையில்
காலித் துப்பாக்கியுடன் படுத்து
உப்பு டப்பாவின் ஓர் எழுத்தைக் குறிவைப்பாளாம்.
டிக். மறுபடி டிக்.
கீழ்வீட்டுக்காரர் ரொம்ப நாள்
மேலே கடிகாரம் வாங்கியிருக்கிறார்கள் என்று நினைத்தார்.

இந்தக் கோடையில் நான்கு யோஸ்டுக்கு, ஐந்து அவளுக்கு
என்று யாரோ சொன்னார்கள்; அல்லது நானாக நினைத்துக்கொண்டேன்.

நான்கின் ஓட்டைகள் ஒன்றன் மடியில் ஒன்று உட்காரும்.
ஒரே துண்டில் மூன்றை மூடிவிடலாம்.
அலட்டல் இல்லை, தயக்கம் இல்லை.
கருவிலேயே வந்தது, வேறென்ன,
என்று பசைத் தூரிகையிடம் சொல்வேன்.
ஐந்து அப்படியில்லை.
மே முழுக்க இடது கீழே. ஜூனில் ஒரு விரற்கடை மேலே.
வெங்காற்று மலையிறங்கிய நாளில்
நான்கு தோட்டா வலப்பக்கம் ஓடிப்போக
கடைசி ஒன்று மட்டும் யோசித்துத் திரும்பியது.
பாவம் அந்தப் பெண், என்று
அவள் ஓட்டைகளைப் பிசிறில்லாமல் ஒட்டினேன்.

செப்டம்பரில் குழியின் தொலைபேசி செத்துப்போனது.
சுடுவதை நிறுத்தி, கசாப்புக்காரர் மகனைக் குழியில் விட்டு
மதிப்பெண் தாளோடு நானே நடந்தேன்.

நான்காவது பாயில் ரெகூலா.

எப்போதிலிருந்து என்றேன்.
எப்போதும் இங்கேதான் என்றார் கணக்கெழுதுபவர்,
எனக்குக் காய்ச்சலா என்பதுபோல் பார்த்து.

ஐந்தில் யோஸ்ட்.
முழங்கை காய்த்திருந்தது. அருகே சின்ன நோட்டு:
காற்று, மூச்சு, விரல், தேதி.
ஏழு வருடமாக அந்த முதல் ஆறைத் தேடுகிறானாம்.
"அன்றைக்கு என்ன செய்தேன் என்று
யாருமே பார்த்து வைக்கவில்லை" என்றான்,
"நான் உட்பட."

பின்னால் வெளியூர்க்காரர் ஒருவர்
ரெகூலாவின் தாளைப் பார்த்துவிட்டு,
"இதெல்லாம் ரத்தத்தில் இருக்கணும்" என்றார்.
அவள் வெற்றுத் தோட்டாக்களை எண்ணிக்கொண்டே,
"ஆமாம்" என்றாள்,
"கீழ்வீட்டுக்காரரைக் கேளுங்கள்."

திரும்பப் போகையில் யோஸ்ட் துப்பாக்கியை நீட்டினான்.
ஒன்றே ஒன்று, என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.
படுத்தேன். பாய் இன்னும் சூடாக இருந்தது.
இலக்கு இவ்வளவு சிறியது என்று
இருபத்திரண்டு வருடமாக எனக்கு யாரும் சொல்லவில்லை.

சுட்டேன்.

இலக்கு இறங்கியது.
கீழே, என் இடத்தில் நின்ற பையன்
வெகுநேரம் தேடினான்.