நாலரைக் கிலோ

பண்டாரவளையில், பேக்கரிக்கு மேல்மாடியில்,
இரண்டு கேமராக்களை மேசையில் வைத்துவிட்டு
நிஃமத் தேநீர் ஊற்றப் போனார்.

ஒன்று மரம்.
பித்தளைத் திருகுகள், சிவந்த மெருகு,
கல்யாணத்துக்குப் புறப்பட்டதுபோல் ஒரு மினுக்கம்.
இரண்டு கிலோகூட இராது.
மற்றது உலோகம். சாம்பல் பூச்சு,
நசுங்கிய ஒரு மூலை,
பேச விருப்பமில்லாத முகம்.

நான் மரத்தைத்தான் முதலில் தொட்டேன்.
பொய் சொல்வானேன்.

ஆனால் அப்புத்தளைப் பனி எனக்குத் தெரியும்.
ஐப்பசியில் இறுகும் எங்கள் அலுமாரி இழுப்பறை
தை பிறக்காமல் திறக்காது.
அடையாள அட்டையெல்லாம் அதற்குள்தான்.
மரம் குடிக்கும், குடித்தால் வீங்கும்,
வீங்கினதை மலையுச்சியில் வைத்துக்கொண்டு
யாரிடம் போய்த் திறக்கச் சொல்வது?

துருத்தியைச் சோதிக்க இருட்டு வேண்டும் என்றேன்.
குளியலறையைக் காட்டினார்.
கைபேசி வெளிச்சத்தை உள்ளே விட்டு
மடிப்பு மடிப்பாகத் தேடினேன்.
பழகின வேலைதான்.
எட்டாம் நம்பர் லயத்தில், கடைசிக் காம்பராவில்,
பகலிலே தகரத்து ஓட்டைகளை எண்ணி வைத்தால்தான்
ராத்திரி எங்கே சட்டி வைப்பதென்று தெரியும்.
ஒருநாள், கதவில் ஆணி கழன்ற துளை வழியே
எதிர்மலை துரை பங்களா
தலைகீழாய் உள்ளே வந்து
அரிசிப் பானைக்குப் பக்கத்தில் நின்றது.
முகில் மூடும்வரை நின்றது.
காம்பரா, கேமரா,
இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று
பின்னால்தான் எங்கோ படித்தேன்.

மரத்தின் துருத்தியில் மூன்று நட்சத்திரம்.
உலோகத்தில் ஒன்றுமில்லை.
இவ்வளவு சுத்தமான இருட்டை
நான் எங்கள் வீட்டில் பார்த்ததில்லை.

யோகமலர் அக்கா வாசலில் நின்றாள்,
அரைப்பேரோடு மலையிலிருந்து இறங்கி வந்தவள்.
இரண்டையும் இரண்டு கையில் தூக்கினாள்.
“நாலரைக் கிலோவா?
ஈரக் கொழுந்துன்னு தெனம் தராசுல வெட்டுறதே
இவ்வளவு இருக்கும். எடு.”

ஒரு பிலிம் தாளின் விலை
ஏறக்குறைய ஒரு முழுப்பேர்.
அதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.
சொல்லாததற்காகவே
எதையும் அவசரப்பட்டு எடுக்க மாட்டேன்.

நிஃமத் அதை யன்னல் பக்கம் திருப்பி வைத்தார்.
அக்கா கறுப்புத் துணிக்குள் தலையை விட்டாள்,
வெகுநேரம் வெளியே வரவில்லை.
“ரயில் ஆகாயத்துல போகுது,”
துணிக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.
“சத்தம் மாத்திரம் கீழருந்து வருது.”

லென்ஸ் பலகையில் ஒரு திருகு குறைவு.
அதைச் சொல்லி ஐந்நூறு குறைத்தேன்.
கறுப்புத் துணியைச் சும்மா தந்தார்.

திரும்பும் பஸ்ஸில் சனம்.
மடியிலிருந்த பெட்டியைத் தட்டிப் பார்த்து
இதுக்கும் டிக்கெட்டா, இல்ல இதும் ஓர் ஆளா
என்றார் கொண்டக்டர்.
அக்கா காசை நீட்டினாள்.
“மூணு பேர்.”

தியத்தலாவையில் மழை பிடித்தது.
யன்னல் கண்ணாடி பாதிக்குமேல் ஏறவில்லை.
பெட்டி நனைந்தது. நான் துடைக்கவில்லை.
பழகட்டும்.