நாலு மணிப் பிரதி

குளச்சல் சங்க அலுவலகத்து சர்வர்
இரவு பதினொன்றேகாலுக்கு விழுந்தது.
யுபிஎஸ் கொஞ்ச நேரம் கீச்சிட்டுவிட்டுத்
தானும் அடங்கியது.
கூரைத் தகரத்தைக் காற்று பிய்த்துக்கொண்டிருந்தது.

பயப்படவில்லை.
மார்த்தாண்டத்தில் ஒரு பிரதி உண்டு.
தினமும் மாலை நான்கு மணிக்கு
நான் எழுதிய ஸ்கிரிப்ட்
எல்லாவற்றையும் கொண்டுபோய் அங்கே வைக்கும்.
செல்போன் இணையத்தில் லேப்டாப்பை இணைத்து
அதை எழுப்பினேன்.
ஏழு நிமிடம்.
சேவை இயங்குகிறது என்றது.

ஜன்னல் கம்பியில் நனைந்த விரல்கள்.
"எனக்க மாப்பிள போன வள்ளம் வந்தாச்சா,
பாத்துச் சொல்லு மக்ளே."

எண்ணைத் தட்டினேன்.
கரையில்.
அடுத்தவள் சொன்ன எண்: கரையில்.
நூற்று நாற்பத்தாறு வள்ளமும் கரையில்.
ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஐந்தரைக்குத்தான் கடலுக்குப் போனார்கள்,
பிரதிக்கு அது தெரியாது.
அதற்குள் இன்னும் வெயில் அடிக்கிறது.
மண்ணெண்ணெய் டோக்கன் கிழிக்கவில்லை.
வலைக்குவியல்மேல் சாய்ந்து
கிளீட்டஸ் பீடி பற்றவைக்கிறான்.
லாக்கில் ஒரு பிழை இல்லை.

"அம்மா, இது நாலு மணிக் கணக்கு" என்றேன்.
சிலுவை போட்டவள்
நெஞ்சிலிருந்து கையை எடுக்கவில்லை.
"அப்பிடியே வச்சிரு மக்ளே,
கொஞ்ச நேரம்."

வைக்க முடியாது.
ரோந்துப் படகுக்குப் பட்டியல் வேண்டும்.
டோக்கன் அடிக்கட்டைகளை டார்ச் ஒளியில் புரட்டி
ஒவ்வொரு எண்ணாய்த் திருத்தினேன்.
கடலில்.
கடலில்.
பத்து முடிந்து
பதினொன்றாவது அடிக்கட்டை ஈரத்தில் ஒட்டியிருந்தது.
நகத்தால் மெல்லப் பிரித்தேன்,
கிழிந்துவிடாமல்.