மஞ்சள் பட்டை

பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டாள்
பகாவ் கிளினிக்கில் நூர் ஹஸ்லினா.
வலிக்கு மார்க்கு போட எனக்குத் தெரியாது.
செம்பனைக்கடியில் உதிரிப்பழம் பொறுக்குகிறவள்,
கோணிக் கணக்குத்தான் வரும்.
மூணு கோணி என்றேன், மலாயில்.
சிரிக்காமல் எழுதிக்கொண்டாள்:
தீகா குனி.

அவள் மொழியில் குனி என்றால் கோணி.
என் மொழியில் அது கட்டளை.
இருபத்தாறு வருஷமாய்
அதற்குக் கீழ்ப்படிந்த முதுகைத்தான்
அன்றைக்கு அவள் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன்.

ஊசி போடுவாள், இரண்டு நாள் எம்சி தருவாள் என்று
முக்கால் மணி பஸ்ஸுக்கு நின்று வந்தால்
ஒரு மீட்டர் ரப்பர் பட்டையை நீட்டுகிறாள்.
மஞ்சள். ஆக லேசானது, பிள்ளைகள்கூட இழுக்கலாம்.
ரப்பரை வேரோடு சாய்த்துத்தான்
எங்கள் தோட்டத்தில் செம்பனை வைத்தார்கள்.
போனது வந்திருக்கிறது
பவுடர் வாசனையோடு,
சன்னல் கம்பியில் கட்டி இழுக்க.

"படுத்தே கிடந்தால் வலியும் பக்கத்தில் படுத்துக்கும் அக்கா.
நடங்க. பெலான் பெலான்.
அது முனகினால் பயப்படாதீங்க,
கத்தினால் நிறுத்துங்க."
என் வீட்டு ஆளைப் பற்றிச் சொல்கிறாளோ என்று நினைத்தேன்.

முதல் நாள் சாயங்காலம்
டிவிக்கு முன்னால் பாய் விரித்து மல்லாந்தேன்.
முட்டியை மடக்கு, இடுப்பைத் தூக்கு,
ஐந்து எண்ணு, இறக்கு.
மூன்றாவது தூக்கலில்
தேவராயன் கோடாலித் தைலத்தோடு ஓடி வந்தார்.
பக்கத்து வீட்டு ரோசலின் முகத்தில் தண்ணீர் அடித்தாள்.
வெளிச்சம் இருக்கும்போது நான் படுத்து
இந்த வீடு பார்த்ததில்லை.
"ஒன்னுமில்ல, வேலை செய்றேன்" என்றேன்.
அந்த வார்த்தைக்குத்தான் கலைந்தார்கள்.

காட்டில் இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை
நிமிர வேண்டும்,
இடுப்பில் கை ஊன்றிப் பின்னால் சாய வேண்டும்.
மண்டோர் சிகாமணி மோட்டாரை நிறுத்திக் கேட்டான்:
"என்ன, மரத்துக்குக் கும்பிடா?"
கும்பிடுகிறவள் முன்னால்தானே வளைவாள்,
சொல்லவில்லை.
இருபது எண்ணி முடித்தபின் குனிந்தேன்.

மூன்றாம் வாரம் ரஃபீக் வந்தான்.
குலை வெட்டுகிற பையன்;
நாளெல்லாம் அண்ணாந்து அண்ணாந்து
கழுத்தை ஒரு பக்கமே திருப்புவான்.
இதற்கு என்ன செய்யணும் என்று
கையால் காட்டிக் கேட்டான்.
என் பாடத்தில் கழுத்து இல்லை.
கிளினிக்குக்குப் போ என்று சொல்லவும் வாயில்லை,
அவன் பெர்மிட் யாரிடம் இருக்கிறதென்று
அவனுக்கே தெரியாது.

"கழுத்தும் வலிக்குது" என்றேன் ஹஸ்லினாவிடம்.
அமுக்கிப் பார்த்தாள் இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.
"எங்கே?"
காட்டினேன், அவன் காட்டிய இடத்தை.
கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு
சுவரில் முதுகை ஒட்டி நின்றாள்:
நாடியைப் பின்னுக்கு இழு, இரட்டைத் தாடை விழட்டும்,
ஐந்து எண்ணு. ஒரு நாளைக்கு மூன்று வேளை.
கை மரத்துப்போனால் மட்டும்
எப்படியாவது கூட்டிக்கொண்டு வாங்க.
"வாங்க" என்றில்லை, "கூட்டிக்கொண்டு வாங்க."

எனக்குச் சிவப்புப் பட்டை கொடுத்தாள், அடுத்த பலம்.
இன்னொரு மஞ்சளைச் சுருட்டி
எதற்கென்று சொல்லாமல் பையில் போட்டாள்.
மறந்துவிடக் கூடாதே என்று
பஸ் முழுக்க நாடியை இழுத்துக்கொண்டே வந்தேன்,
எதிர் சீட்டுச் சீனக் கிழவர் எழுந்து
வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

இன்றைக்கு எத்தனை குனி என்றால்
ஒன்றரை.
மழை வந்தால் இரண்டு.
பச்சைப் பட்டைக்கு இன்னும் ஆறு வாரம்.