பொடதிக் கண்

ஏர்வாடி விலக்கு தாண்டி
வாழைத்தார் ஏற்றிய சைக்கிள் ஒன்று
பம்பருக்கு ஒரு முழம் முன்னால் முளைத்தது.
மிதித்தேன் பிரேக்கை.
ரெண்டு காய் தெறித்து பானட்டில் விழ
சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்து கேட்டார்:
“எக்கா, கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?”

நாற்பத்தாறு எனக்கு.
எல்லோரும் வயதையே சொன்னார்கள்.
மயினி கேரட் தின்னச் சொன்னாள்.
தடுப்பூசிக்கு வரும் பிள்ளைக்காரிகள்கூட
சிரிஞ்சில் நான் கோடு பார்ப்பதை
ஒரு மாதிரி பார்க்கத் தொடங்கினார்கள்.
பாளையங்கோட்டைக்கு பஸ்ஸில் போய்
சொட்டு மருந்து விட்டு
உலகமே பாலாய்த் திரிந்த பெஞ்சில்
ஒரு மணி நேரம் இருந்தபின்
டாக்டர் பெண் சொன்னாள்:
“கண்ணு நல்லாத்தான் இருக்கு. வண்டியப் பாருங்க.”

பார்த்தேன்.
ஒன்பது வருசத்துக் களக்காட்டு வெயில்
விளக்குக் கண்ணாடியில் மஞ்சளாய் ஏறி
புரை அதற்குத்தான்.
உப்புத்தாள் ஆயிரம் நம்பர், பிறகு இரண்டாயிரம்,
ஒரு வாளித் தண்ணீர், அரை டியூப் பற்பசை.
ஞாயிற்றுக்கிழமை பூராவும்
தோள்பட்டை கழலத் தேய்த்ததில்
பல் விளக்கிய பிள்ளைபோல்
ஈயென்று நின்றது கார்.
ராத்திரி போட்டால்
அதே அரிக்கேன் வெளிச்சம்.

புது பல்பு ரெண்டு வாங்கி மாட்டினேன்.
அதுகளும் பழசைப் பார்த்து
அழுது வடிந்தன.

மிக்ஸி ரிப்பேர் சொரிமுத்துவிடம்
மீட்டர் இரவல் கேட்டேன்.
“நர்சம்மாவுக்கு இது எதுக்கு?”
“இதுவும் ரெண்டு ஊசிதான வே.”

என்ஜின் ஓட, விளக்கு எரிய,
பேட்டரியில் பதினாலு புள்ளி ஒண்ணு.
ஆளுக்குக் காய்ச்சல் இல்லை.
பல்பு சாக்கெட்டில் பதினொண்ணு புள்ளி ரெண்டு.
மூணு வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாய்
வழியிலே இறங்கிவிட்டது,
வள்ளியூருக்கு டிக்கெட் எடுத்துவிட்டு
ஏர்வாடியிலேயே இறங்குகிறவர்கள் மாதிரி.

போகிற வழியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.
ஃபியூஸ், ரிலே, சுவிட்ச்,
எல்லாம் சேர்ந்து தின்றது அரை வோல்ட்.
சரி, கூலி.
வியர்வையைத் துடைக்கும்போதுதான் உறைத்தது:
கரண்டு போனால் மட்டும் போதாது,
திரும்பி வரணும்.
கறுப்பு ஊசி பேட்டரியின் மைனஸில்.
சிவப்பு ஊசி, பல்பின் எர்த் வயரில்.
பூச்சியம் காட்ட வேண்டிய இடத்தில்
இரண்டு புள்ளி நாலு.

வயரைப் பிடித்துக்கொண்டே போனால்
பேட்டரித் தட்டுக்கு அடியில் ஒரு போல்ட்டு.
கழற்றினால்
உள்ளே பளபளவென்று வெள்ளைப் பெயிண்ட்.
போன ஆனியில்
நான் பனைமரத்தில் இடித்துக்கொண்டு வந்தபோது
டிங்கர் கடைக்காரன்
சொன்ன இடத்துக்கும் அடித்திருக்கிறான்,
சொல்லாத இடத்துக்கும்,
வயர் தகரத்தைத் தொட வேண்டிய
அந்த எட்டணா அகலத்துக்கும்.
மிச்சத்தைத் துரு பார்த்துக்கொண்டது.
ஆக, பொடதியில் இருந்தது
கண் இல்லை, கோளாறு.

மைனஸைக் கழற்றிவைத்துவிட்டு
தகரம் தகரமாய்த் தெரியும்வரை சுரண்டினேன்.
வாசலின் தடவி இறுக்கினேன்.
ஒரு வாஷர் மிஞ்சியது. எதனுடையதோ.
இன்னும் தெரியவில்லை.

பொழுதடைந்து சுவிட்சைப் போட்டேன்.
எதிர்வீட்டுச் சுவர்
அறை வாங்கினதுபோல் வெளுத்தது.
போன எலெக்ஷன் சின்னத்தில் பாதி,
ஒரு பல்லி,
பல்லியைவிடப் பெரிய பல்லி நிழல்,
கொடியில் மறந்த உள்பாவாடை.
உள்ளேயிருந்து சத்தம்:
“எவம்ல அது, வீட்டுக்குள்ள லைட்டடிக்கது?”
“நாந்தான் மயினி.”
“கண்ணு கூசுதுட்டீ!”

கேரட் தின்னவளுக்குக்
கூசட்டும் என்று
ஒரு நிமிஷம் வைத்திருந்தேன்.
பிறகுதான் டிம் பண்ணினேன்.