லாஞ்சி வரும்வரை

மூதூர் லாஞ்சி இன்றைக்கும் பிந்துகிறது.
ஜெற்றிச் சீமெந்தில் காந்தச் செஸ் பலகையை விரித்து
"முதல்ல இனம் பிரிப்பம்" என்கிறாள் குலேந்தினி.

தடுக்கும்வரை ஓடுகிறவை ஒரு பக்கம்:
கோட்டை நேரே, மந்திரி கோணலாய்,
ராணிக்கு இரண்டும்.
வழியில் சொந்தக்காரன் நின்றாலும் நின்றுவிடும்,
கன்னியா பஸ் மாதிரி.
ராசாவுக்கும் அதே வழிகள்தான்,
ஆனால் ஒரு கட்டம். பென்சன் எடுத்த நடை.

தாவுவது ஒன்றே ஒன்று.
நேற்றுக் கோட்டை வாசலில் அந்த மான்
நிறுத்தியிருந்த மோட்டார்சைக்கிளைத் தாண்டி
பிறகு பக்கவாட்டில் ஓரடி வைத்ததே,
அது.

இவையெல்லாம் போகிற வழியில்தான் வெட்டும்.

மிச்சம் சிப்பாய்கள்.
இரண்டு எப்பவோ தொலைந்து
பதிலுக்குச் சோடா மூடிகள்.
நேரே நடக்கும்,
நேரே வருகிறவனை ஒன்றும் செய்யாது,
முகத்தோடு முகம் முட்டி நிற்கும்.
வெட்டுவது சரிவில்.
பக்கத்தால் இரண்டு கட்டம் பாய்ந்து தப்பினவனை
அவன் நில்லாத கட்டத்துக்குப் போய் வெட்டும்.

"ஆள் இல்லாத இடத்திலயா?"
றிக்கெற் கிழிக்கிற அன்ஸார் சிரிக்கிறார்.
"போன லாஞ்சிக்கு நான் றிக்கெற் கிழிச்ச மாதிரி!"

அவள் சிரிக்கவில்லை.
கொப்பியில் சிப்பாய்க்குத் தனிப் பக்கம் ஒதுக்கி
தலைப்பு எழுதாமல் விடுகிறாள்.

ஹோர்ன் சத்தம்.
பலகையை அவசரமாய் நிமிர்த்த
எல்லாம் அதனதன் கட்டத்தில் ஒட்டிக்கிடக்க
சோடா மூடிகள் மட்டும் விழுகின்றன.
ஒன்றைச் செருப்பால் மிதித்துப் பிடித்தாள்.
மற்றது
நேருமில்லை, சரிவுமில்லை,
வளைந்து வளைந்து உருண்டு
துறைமுகத் தண்ணீருக்குள்.