அறை மௌனம்

நடிகன் வரவில்லை.
காலைப் படகைத் தவறவிட்டு
ஸ்ஃபாக்ஸ் துறைமுகத்திலிருந்து
தொலைபேசியில் அழுதானாம்.
டூஜா அழுகையைக் கேட்கிற இயக்குநர் அல்ல.
முற்றத்தைச் சுற்றிப் பார்த்தாள்.
மீன் கொண்டுவந்தவன்
காசுக்காக இன்னும் நின்றிருந்தான்.
"கல்யாணச் சட்டை உனக்குச் சேருமா?" என்றாள்.

அவன் பெயர் மொக்தாத்.
கடலடியில் மண்சாடி இறக்கிப்
பேய்க்கணவாய் பிடிப்பவன்.
தூண்டில் இல்லை, இரை இல்லை.
வீடென்று நினைத்து
அதுவாகவே உள்ளே போய்ச் சுருண்டுகொள்ளும்.

மணப்பெண் நெஜீபா,
கெர்கென்னாத் தீவின் தபால் நிலையத்தில்
முத்திரை குத்துபவள்.
டூஜாவின் படங்களில் யாரும் நடிப்பதில்லை.
ரொட்டி சுடுகிறவள் ரொட்டி சுடுவாள்,
கடன் கேட்கிறவன் உண்மையாகவே கேட்பான்,
சில சமயம் என்னிடம்.

நான் ஒலிப்பதிவாளன்.
எனக்கு முகங்கள் பிறகுதான்.
முதலில் மூச்சு.

அந்தச் சட்டையோடு அவன் வெளியே வந்தபோது
பெண்களின் குலவை
நாக்கிலேயே முறிந்ததைக் கேட்டேன்.
"தொண்டை வறண்டுபோச்சு" என்றாள் ஒருத்தி.
எனக்குத் தெரியாதது தீவுக்குத் தெரிந்திருந்தது.
பதினாறு வருஷத்துக்கு முந்தைய அலர்,
உப்பில் ஊறிய எலுமிச்சைபோல்
கெடாமல் இருந்தது.

காட்சி இவ்வளவுதான்:
தரையில் ஒரு பெரிய மீன்.
புதுமணத் தம்பதி அதை ஏழு தரம் தாண்ட வேண்டும்.
கண்ணேறு கழியும் என்றார்கள்,
மடி நிறையும் என்றார்கள்,
ஆளுக்கொரு காரணம்.

மூன்றாவது டேக்கில் மேகம்.
ஐந்தாவதில் பூனை.
எட்டாவதில் மீன் நாறத் தொடங்கியது,
எலுமிச்சை பிழிந்தோம்.
ஏழெட்டு ஐம்பத்தாறு தரம்
அவர்கள் அதைத் தாண்டியிருந்தார்கள்,
ஒருவர் கை ஒருவர்மேல் படாமல்.

படப்பிடிப்பு முடிந்ததும்
எல்லாரிடமும் ஒரு நிமிடம் கேட்பேன்.
அசையாதீர்கள், பேசாதீர்கள்.
ஆளில்லாத அறையின் ஓசை வேண்டும் எனக்கு,
படத்தை வெட்டி ஒட்டும்போது
இடுக்குகளில் சுண்ணாம்புபோல் பூச.

நின்ற இடத்திலேயே நின்றார்கள்.
அவள் இந்தப் பக்கம், அவன் அந்தப் பக்கம்,
நடுவில் மீன்.

குளிர்பெட்டியின் முனகல்.
ஒரு ஈ.
பேரீச்சை மட்டை சுவரில் உரசுவது.
அப்பால் ஆழமில்லாத கடல்,
சொல்லப்போனால் ஓசையே இல்லாதது.

அவள் உடையில் குத்திய மைக்கை
அணைக்க மறந்திருந்தேன்.
இதயத் துடிப்பு கேட்டது என்றால் பொய்.
துணி உரசியது, மூச்சுக்கு மூச்சு.
பிறகு
உரசவில்லை.

ஒரு நிமிடம் ஆனதும் தலையாட்டினேன்.
டூஜா என்னைப் பார்க்கவில்லை.
உயர்த்திய கையை இறக்கவுமில்லை.
இரண்டு. மூன்று.
எந்த அறைக்கும் அவ்வளவு மௌனம் தேவைப்படாது.
நாலாவது நிமிடத்தில் மொக்தாத் சொன்னான்:
"மீன் கெட்டுவிடும்."
எல்லாரும் சிரித்தோம். அவளும்.

சீரகமும் பூண்டும் அரைத்து அன்றே சமைத்தார்கள்.
அவன் சாப்பிட நிற்கவில்லை.
காசையும் வாங்கவில்லை.

மறு கோடை, பள்ளிக்கூடச் சுவரில்
படுக்கை விரிப்பைக் கட்டிப் படம் போட்டோம்.
கல்யாணக் காட்சியில் கால்கள் மட்டும்.
முகங்களை டூஜா வெட்டியிருந்தாள்.
"அவர்கள் இங்கேதானே வாழணும்" என்றாள்.
தீவு நிம்மதியாகக் கைதட்டியது.

அந்த நாலு நிமிடத்தை
வேறோர் இடத்தில் வைத்திருந்தாள்.
யாரோ ஒரு பெண்
தனியாக உட்கார்ந்து மாவு பிசைகிறாள்,
கீழே அதே குளிர்பெட்டி, அதே ஈ.
யாருக்குத் தெரியும்?
ஒலியை யார் பார்க்கிறார்கள்?

எனக்கு அது தொழில்.
முன்வரிசையில் ஒரு விசிறி ஓய்ந்தது.
மூன்று வரிசை பின்னால்
சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த பல்
நின்றது.